எதிர்மாடிக் கண்

பொழுது சாயும் நேரத்தில், எதிர்மாடியில் இருந்த சாம்பல் நிறப் பெட்டி இன்றைக்கும் தலையைத் தூக்கியது. பக்கத்தில் யாரும் அதைத் தொடவில்லை. தானாகவே கழுத்தைத் திருப்பி, பாண்டிச்செல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கமாக ஒற்றைக் கண்ணை நிறுத்தியது. அவள் கையிலிருந்த சுடிதாரை அப்படியே போட்டுவிட்டுக் கீழே குனிந்துகொண்டாள்.

சுங்குவார்சத்திரத்தில் அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு உருப்படியாக இருந்தது மொட்டைமாடி ஒன்றுதான். அறைகளில் புரண்டு படுக்க இடம் கிடையாது. நாளெல்லாம் போன் செய்கிற கம்பெனி லைனில் நின்றுவிட்டு வருகிற பிள்ளைகள் தலை உலர்த்துவதும், காற்று வாங்குவதும், ஊருக்குப் பேசி அழுது மூக்கைச் சிந்துவதும் அங்கேதான். மாடியால் ஒரு பேச்சு வந்தாலும் பூட்டுத்தான் என்று வார்டன் கங்காம்மா ஏற்கெனவே மிரட்டி வைத்திருந்தாள். அவளிடம் போய் எதிர்வீட்டில் கேமரா என்று சொன்னால், கேமராக்காரனை விட்டுவிட்டு மாடியைத்தான் பூட்டுவாள். பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்கிற நியாயம் எங்கேயும் அந்த ரகம்தானே!

அதனால் இருட்டியதும் பாண்டிச்செல்வி தானே போனாள். தெருவைத் தாண்டி, ஆண்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் வெளிப்படியில் ஏறினாள். பயமில்லை என்று சொன்னால் பொய்.

மாடியில் ஒருவன் மட்டும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் முக்காலியின்மேல் அந்தப் பெட்டி.

"போனக் குடுங்க."

அவன் வாரிச்சுருட்டி எழுந்தான். "யாரும்மா நீ?"

"எதிர் ஹாஸ்டல். எங்களப் படம் புடிக்கியல்லா, அதப் பாக்கணும்."

"ஐயோ, கிட்ட வராத! ஆடிரும். இது டெலஸ்கோப்பும்மா. வானத்தத்தான் எடுக்கேன்."

பேச்சு வள்ளியூர்ப் பக்கம். பெயர் இசக்கிதுரையாம், ஒரகடத்தில் கார் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையாம். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"வானம்னா காட்டுங்க."

"கொஞ்சம் பொறு தங்கச்சி. அதுவா நட்சத்திரத்தத் தேடிப் புடிச்சு, படம் படமா எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கும். நடுவுல அசைச்சா அம்புட்டும் போச்சு."

நின்றாள். கம்பெனி விளக்குகளால் வெளுத்துப்போன வானத்தில் நாலைந்து புள்ளிகளுக்குமேல் எதுவும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று போனபோது மாடியே அதிர்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். போன் திரையில் முதலில் ரவையைக் கொட்டினாற்போல் வெறும் பொடி. பிறகு பொடி அடங்க அடங்க, நடுவில் இளஞ்சிவப்பாக ஏதோ விரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு விளிம்பும் நீலமும் வந்தன.

"ஓரியன் நெபுலா. நட்சத்திரம் பொறக்குத எடம்," என்றான் இசக்கிதுரை.

அவள் திரைமேல் குனிந்தாள். தலைக்குமேல் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலா இத்தனை நாள் துணி காயப்போட்டோம்! அநியாயமாக ஒருத்தனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. "வேற இருக்கா?" என்று கேட்டு, அவன் நீட்டிய போனை வாங்கித் தள்ளிப் பார்த்தாள். நிலா. இன்னொரு நிலா. அப்புறம் ஒரு செல்போன் டவர். டவருக்குக் கீழே விடுதி மாடி. கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில், துப்பட்டா இல்லாமல், ஈரத் தலையை விரித்துப்போட்டு அவள். முகம் பளிச்சென்று தெரிந்தது.

"இது என்ன?"

எட்டிப் பார்த்தவனின் முகம் செத்துப்போனது. "இருட்டுததுக்கு முந்தி டவர் மேல வச்சுத்தான் போகஸ் பாப்பேன். கீழ யாரு நிக்கான்னு நான் பாக்கவே இல்ல, சத்தியமா."

அவள் அதை நம்பினாள். நம்பியும் கோபம் குறையவில்லை. இவன் பார்க்காவிட்டால் என்ன, நாளைக்கு இந்தப் போன் இன்னொருத்தன் கைக்குப் போகாதா?

"அழிங்க. பெட்டிக்குள்ள இருக்கதையும் சேத்து."

விடுதி தெரிந்த படங்களை அவன் ஒவ்வொன்றாக அழித்தான். அவள் பக்கத்திலேயே நின்று கடைசிப் படம் வரைக்கும் பார்த்தாள். இனி அந்தக் கண் விடுதிப் பக்கம் திரும்பினால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டு இறங்கினாள். வார்டனுக்குத் தெரியாமல் காரியம் முடிந்தது, மாடி தப்பித்தது என்று தெருவைத் தாண்டும்போது நினைத்துக்கொண்டாள்.

விடுதி மாடிப்படியில் கங்காம்மா பூட்டோடு நின்றாள்.

"ஆம்பள மாடில நின்னுகினு இன்னாடி பண்ணிகினு இருந்தே? தெருவே பாக்குது. இன்னியோட மாடி கிடையாது."

பாண்டிச்செல்வி ஒன்று விடாமல் சொன்னாள். கங்காம்மாவும் முழுக்கக் கேட்டாள். "கேமரா வேற வச்சிக்கினு இருக்கானா? அப்போ பூட்டிட்டா வம்பே இல்ல," என்றாள்.

அவ்வளவுதான், பாண்டிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டனை விலக்கிவிட்டு மேலே ஏறினாள். மொட்டைமாடி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பூட்டிக்கோங்க. நான் இங்கனயே இருக்கேன்."

"இருந்துக்கோ. பனில நடுங்கினா தானா எறங்குவே."

கங்காம்மா கதவை இழுத்தாள். அதற்குள் தங்கமாரி என்கிற பிள்ளை போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்ப் பாண்டிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு அறை அறையாக ஏறி வந்தார்கள்.

கங்காம்மாவின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. விடியுமுன் கம்பெனி பஸ் வரும். ஏறுகிற தலைகளை எண்ணி அனுப்புவது அவள் வேலை. ஒரு தலை குறைந்தாலே சூப்பர்வைசர் போனில் கத்துவான்.

"காலைல பஸ்காரன் வந்து கேட்டா நான் இன்னாடி சொல்றது?"

பாண்டிச்செல்வி தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"மாடியில போட்டுப் பூட்டி வச்சிருக்கேன்னு சொல்லுங்க."