ஆல்பத்துப் பச்சை

உரிந்த சுவரின் துண்டோடு பெயிண்ட் கடைக்கு வருகிறவர்களைக் கண்டால் கலர்க்காரருக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. காகிதத்தில் மடித்து வைத்திருப்பார்கள். பிடுங்கிய பல்லைக் காட்டுவதுபோல் மெல்லப் பிரித்து, "இதே கலர் வேணும்" என்பார்கள்.

"எங்க வச்சிருந்தீங்க இதை?"

"பீரோவுக்குள்ள, பத்திரமா."

"பத்திரமா வச்சதுதான் தப்பு. எண்ணெய் பெயிண்ட் வெளிச்சத்துல இருக்கணும். இருட்டுல போட்டா மஞ்சளாயிடும். நீங்க கொண்டு வந்திருக்கறது உங்க சுவரோட கலர் இல்ல, உங்க பீரோவோட கலர்."

முப்பத்துநான்கு வருடமாக இதே நகைச்சுவை. இது ஆரம்பிக்கும்போதே முதலாளி எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். வாடிக்கையாளர் சிரித்தால் கலர்க்காரர் நான்கைந்து டப்பாக்களைத் திறந்து, துளித்துளியாக விட்டுக் கிளறி, அரை மணி நேரத்தில் கண் கூசாத ஒரு நிறத்தைக் கலந்து கொடுப்பார். சிரிக்காவிட்டாலும் கொடுப்பார், கொஞ்சம் தாமதமாக.

அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு உதவி என்று போனாள். அந்தக் குழந்தை இப்போது தவழ்ந்துபோய்ச் செருப்பை எடுத்து வாயில் வைக்கிறது. உதவிக்குப் போனவள் திரும்பவில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் பேசவாவது ஒரு முனை கிடைத்திருக்கும். கிளம்புகிற அன்று பெட்டியை மூடிக்கொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான்:

"எதைப் பேசினாலும் 'அப்ப நீ'ன்னு ஆரம்பிக்கிறீங்க. அப்ப நீ எப்படிச் சிரிப்பே, அப்ப நீ எப்படி ஓடி வருவே. அந்தப் பொண்ணோடவே குடித்தனம் பண்ணுங்க. நடுவுல நான் எதுக்கு?"

அவருக்கு விளங்கவில்லை. அந்தப் பொண்ணும் இவள்தானே. பாராட்டினதைப் போய்க் குற்றமாக எடுத்துக்கொண்டாளே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு எதிரில் ஆள் இல்லாததால் முகம் தானாக இறங்கிவிட்டது. பிறகு வீட்டில் ஒவ்வொரு சத்தமாகக் காணாமல் போவதைக் கவனித்தார். கதவு சாத்துகிற சத்தம், பாத்திரம் உருள்கிற சத்தம், "ஏங்க" என்கிற சத்தம். கடைசியில் மிஞ்சியது ஃபிரிட்ஜின் முனகல் மட்டும். அதோடு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்?

அப்படி இருக்கையில்தான், பஸ்ஸில் போகும்போது அந்தப் பழைய கட்டடத்தின் வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்குவதைப் பார்த்தார். மூன்றாவது மாடி, மூலை அறை. கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் அவர்கள் இருந்த அதே அறை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்.

அந்த அறையைப் பற்றி அவர் மனதில் ஒரே படம்தான் இருந்தது. சாயங்காலம் ஐந்தரை மணி. பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பினால், மேலே ஜன்னலில் அவள் முகம் தெரியும். இடது கை கம்பியைப் பிடித்திருக்கும். இவ்வளவு பெரிய ஊரில் தனக்காக ஒருத்தி ஜன்னலில் நிற்கிறாள் என்று, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடுவார். ஒரு நாள்கூட அவள் அங்கே இல்லாமல் இருந்ததில்லை. அந்த ஜன்னலில் அவளை ஒருமுறை கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும், ஏழு மாதத்தையும் அழித்துவிடலாம், அவள் தன்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதைத் திருப்பிப் போட்டு யோசிக்கிற வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

"ஒரு மாசத்துக்கு மட்டுமா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். "யார் யார் இருக்கப் போறீங்க?"

"நானும் என் வீட்டுக்காரியும்."

அவருடைய நரைத்த மீசையை அவள் ஒரு தரம் பார்த்தாள். "புதுசா கல்யாணம் ஆனவங்களோ?"

"ஆமாம்மா. ஆகி முப்பத்திரண்டு வருஷம்தான் ஆச்சு."

அந்தச் சிரிப்பில் அறை கிடைத்துவிட்டது. சுவரில் இப்போது ஒரு ரோஜா நிறம், அதற்கு அடியில் எத்தனை குடும்பங்களின் நிறங்களோ. கலர்க்காரர் வீட்டுக்குப் போய்த் தன் மாதிரி ஆல்பத்தை எடுத்தார். கலந்து கொடுத்த ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை ஒட்டி வைத்திருக்கிற தடித்த நோட்டு அது. கல்யாண ஆல்பத்தை ஒழுகுகிற மூலையில் வைத்து மழைக்குத் தின்னக் கொடுத்தவர், இதை மட்டும் இரும்புப் பெட்டியில், துணி சுற்றி, முப்பது வருடம் காப்பாற்றியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. அறையைக் காலி செய்த அன்று கதவுக்குப் பின்னாலிருந்து பெயர்த்தெடுத்தது. இளம் பச்சை.

அதைப் பார்த்ததும் அறையே கண்முன் வந்தது. பச்சைச் சுவர், பச்சைச் சுவர்மேல் மஞ்சள் வெயில், அதில் அவள்.

நான்கு நாள் லீவு போட்டார். ரோஜாவைச் சுரண்டினார், பட்டி பார்த்தார், தேய்த்தார். சில்லோடு ஒட்டிப் பார்த்தால் எது சில்லு எது சுவர் என்று சொல்ல முடியாதபடி கலந்து, இரண்டு பூச்சு அடித்தார். கட்டில் பழைய இடத்தில். கண்ணாடி மாட்டின ஆணியின் துளைகூடக் கிடைத்தது. பட்டிக்கு அடியில் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். அன்றிரவு முழங்கால் இரண்டும் அவரோடு பேச மறுத்தன.

மகளுக்கு ஃபோன் செய்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மாவை அந்தப் பழைய வீட்டுக்கு அனுப்பி வை. கீழ சாவி கொடுத்து வச்சிருக்கேன். மேல போயி ஜன்னல்கிட்ட நிக்கச் சொல்லு."

"எதுக்குப்பா நிக்கணும்?"

"நிக்கச் சொல்லேன்."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"நான் பஸ்ஸுல வருவேன்."

"அப்பா, உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லை. இருந்தாலும் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு நிறுத்தம் முன்னால் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். பையில் ஆல்பத்தோடு மோதிக் காலி டப்பா லொடலொடத்தது. ஐந்தரைக்குத் தெருமுனையில் திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. அதில் யாரும் இல்லை.

கொஞ்சம் நின்றார். இருமிப் பார்த்தார். பக்கத்தில் போன ஒருவர்தான் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி மேலே ஏறினார்.

அவள் கட்டில் ஓரத்தில், மடியில் கைப்பையோடு, டாக்டரிடம் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"ஜன்னல்கிட்ட நிக்கச் சொல்லியிருந்தேனே."

"கால் வலிக்குதுங்க. மூணு மாடி." சுற்றிலும் பார்த்தாள். "இது என்ன, பச்சை அடிச்சிருக்கீங்க?"

"நம்ம பழைய கலர்தானே."

"நம்மது நீலம்."

அவர் சிரித்தார். கலர் விஷயத்தில் தன்னிடமே சவால் விடுகிறாளே என்கிற சிரிப்பு. பையிலிருந்து ஆல்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"நீங்க காலைல போனா சாயங்காலம் வருவீங்க. ரெண்டு வருஷம் பகல் பூரா இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவ நான். எனக்குத் தெரியாதா? வெளிறின நீலம். இதை எங்க வச்சிருந்தீங்க?"

"பெட்டிக்குள்ள. துணி சுத்தி..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கேட்டுவிட்டது. மஞ்சள் ஏறின நீலம் பச்சையாகத்தான் ஆகும். ஊருக்கெல்லாம் சொன்னவர் சில்லைப் பார்த்தார். அதைவிட மோசம், நினைவிலிருந்து அந்த அறையை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் சுவர் பச்சையாகவே இருந்தது. எப்போது மாறியது என்று தெரியவில்லை.

"கலரை விடு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அந்த ஜன்னல் இருக்கே. தினமும் அங்க நின்னு என்னைப் பாப்பியே. அது நிஜம்தானே?"

அவள் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மக வயித்துல இருந்தா. உங்க மேல அடிக்கற பெயிண்ட் வாடை பட்டாலே குமட்டும். நீங்க வர்ற நேரம் ஆனா முன்னாடியே போயி மூச்சை நல்லா இழுத்து வச்சுக்குவேன். காத்துக்காகத்தான் நின்னேன்."

"அவ பிறந்த அப்புறம்?"

"அப்புறமும் அதே வாடைதானே."

"ஒரு நாளும் சொன்னதில்லையே."

"சொன்னா வேலையை விட்டுடுவீங்களோன்னு பயம். நீங்க வேற சிரிச்சுக்கிட்டே ஓடி வருவீங்க. அந்த முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

வெயில் சுவரில் ஏறி நின்றது. பச்சை நன்றாகத்தான் இருந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"நீ வந்துடுவேன்னு நினைச்சேன்," என்றார்.

"தெரியும். ஆனா நீங்க கூப்பிட்டது அவளை. வந்து நிக்கிறது நான். ரெண்டு பேருக்குமே சங்கடமா இருக்கு." எழுந்தாள். புறப்படப் போனவள் திரும்பி, அவர் முழங்கையைத் தூக்கிப் பார்த்தாள். "பெயிண்ட் காஞ்சு போயிருக்கு பாருங்க. எண்ணெய் தடவி எடுங்க, தின்னர் போடாதீங்க. தோலு எரியும்."

அவள் ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே அவள் போவதைப் பார்க்க அவர் ஜன்னலுக்குப் போகவில்லை.

மறுநாள் அந்தச் சில்லைப் பெயர்த்து அறையின் ஜன்னல் விளிம்பில் வைத்து, பாதியை ஒரு தீப்பெட்டியால் மூடினார். கடையில் சந்தேகம் வந்தால் இப்படித்தான் சோதிப்பது. தினமும் வேலை முடிந்ததும் அங்கே வந்து பார்த்தார். பன்னிரண்டாம் நாள் தீப்பெட்டியை நகர்த்தியபோது, மூடின பாதி பச்சை, வெயில் பட்ட பாதி நீலம். வெளிறின நீலம்.

அன்றே ஒரு லிட்டர் கலந்து மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். டப்பாவைத் திறந்து, தின்னர் விட்டுக் கிளறி, காலடியில் வைத்துக்கொண்டு ஃபோன் செய்தார்.

"நீ சொன்னது சரிதான். நீலம்தான்."

"எது?"

"சுவரு."

பின்னணியில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "மறுபடியும் அடிக்கப் போறீங்களா?"

"சேச்சே," என்று டப்பாவைப் பார்த்தபடி சொன்னார்.

"அடிக்காதீங்க. எனக்கு அந்த நீலமே பிடிக்காது."

"பிடிக்காதா?"

"ஆஸ்பத்திரிக்குக் கலந்ததுல மிஞ்சினதுன்னு டப்பாவைத் தூக்கிக்கிட்டு, ஏதோ வைரத்தைக் கொண்டு வந்த மாதிரி வாசல்ல நின்னீங்க. என்னத்தைச் சொல்றது?"

"அப்ப நீ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் வேறு என்ன சொல்லலாம் என்று தேடினார்.

"இப்ப என்ன பண்ணிட்டு இருக்கே?" என்று கேட்டார்.

"குழந்தைக்குச் சட்டை மாட்டறேன். கையை உள்ள விட மாட்டேங்குது." சற்றுப் பொறுத்து, "வைக்கட்டுமா?" என்றாள். அவள் வழக்கமாகக் கேட்காமலேயே வைத்துவிடுகிறவள்.

"சரிம்மா."

டப்பாவின் மூடியைத் தேடினார். கட்டிலுக்கு அடியில் எங்கோ உருண்டுவிட்டது. தின்னர் வாடை அறை முழுக்கப் பரவி, கண்ணை உறுத்தி, நெஞ்சை அடைத்தது. முப்பத்துநான்கு வருடமாக அவர் மூக்கு அதை ஒரு வாடையாகவே எடுத்துக்கொண்டதில்லை. இப்போது நிற்க முடியாமல் ஜன்னலுக்குப் போய், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார்.

கீழே காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா அண்ணாந்து பார்த்தாள். "என்ன சார், யாராவது வர்றாங்களா?"

"இல்லம்மா. காத்துக்கு நிக்கிறேன்."

தெருமுனையில் பஸ் ஒன்று வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். மூவரும் வேறு தெருவில் திரும்பி, பஸ்ஸும் போன பிறகுகூட அவர் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.