பாலத்தருகே வெள்ளைப் படை

அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் வைத்துக்கொண்டு மச்சான் பொம்மைச் சிப்பாய்களை உள்ளே வழித்துத் தள்ளப் போனபோது, பஸ் ஓட்டுநர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதத் தொடாதீங்க."

உள்ளறையில் ஓட்டுநரின் மனைவி போர்த்திக் கிடந்தாள். விடியும்போது உயிர் போயிருந்தது. வாசலில் வண்டி வந்துவிட்டது. அவளைத் தூக்கிப்போக நடுக்கூடம் ஒன்றுதான் வழி. வழியை அடைத்து நின்றது மேசை. அதன்மேல் ஒரு போர் பாதியில் நின்றிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதிப்பவள், வீட்டில் நகத்தளவு சிப்பாய்களுக்கு முக்கோணத் தொப்பியும் குறுக்குப் பட்டையும் தீட்டுவாள். எல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டைகள். நீலப் படையும் அவள்தான், வெள்ளைப் படையும் அவள்தான். வாஷிங் மெஷின் ஓடி நிற்பதற்குள் ஒரு போரை முடித்துவிட்டு, தானே வரைந்து சுவரில் ஒட்டிய வரைபடத்தில் ஊசிகளை மாற்றிக் குத்துவாள். அங்கிருந்து அடுத்த போர் தொடங்கும். பொம்மை வச்சு விளையாடுற வயசா என்று அவள் அண்ணனான இந்த மச்சான் கேட்டால், உன்னைப் போலச் சீட்டில் கள்ளாட்டம் ஆடவில்லையே என்பாள்.

"வண்டிக்காரன் நிக்கிறான் மாப்ள," என்றார் மச்சான். கையை உருவிக்கொண்டார். "அன்னிக்கு ஆஸ்பத்திரில அவ கையை இப்படிப் பிடிச்சிருக்கணும் நீங்க. டாக்டர் இன்னொரு தடவ கீமோ மருந்து ஏத்தலாம்னாரு. பயந்துபோய் ஓடி வந்துட்டா. நீங்களும் கூட்டிட்டு வந்துட்டீங்க."

கூடத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அவ ஓடல," என்றார் ஓட்டுநர்.

மேசையைப் பார்த்தார். ஆற்றுக்கு முதுகைக் காட்டி வெள்ளைப் படை. குன்றிலிருந்து இறங்கிவிட்ட நீலப் படை. நடுவில் ஒரே பாலம். நேற்று மாலை முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தவள், வெள்ளைப் படையைப் பின்வாங்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாமே என்று அவர் கெஞ்சினார். எதைக் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சிதறி ஓடினாத்தாங்க தோல்வி. வரிசை கலையாம திரும்பினா பீரங்கியும் நம்மளுது, கொடியும் நம்மளுது. காலைல பகடை உருட்டறேன். மேசையத் தொடாதீங்க."

ஓட்டுநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாலத்தத் தாண்டுற ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரி ஒரு தடவ பகடை உருட்டணும். ஒண்ணு விழுந்தா அந்தப் பிரிவு போச்சு. நீலத்துக்கு இப்ப ஆளில்ல. உக்காருங்க மச்சான்."

பொணத்த வச்சுக்கிட்டு இதென்ன கூத்து என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். வெளியே ஹாரன் அடித்தது.

"அடிக்கட்டும். நான் அடிக்காத ஹாரனா," என்றார் ஓட்டுநர், திரும்பாமல்.

மச்சான் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பகடையை வேண்டாவெறுப்பாக வீசினார். நாலு. குதிரைப்படை பாலத்தைத் தாண்டியது. அடுத்து பீரங்கி தாண்டியது. மூன்றாவது வீச்சில் ஒன்று விழுந்தது.

மச்சானின் விரல் சட்டென்று பகடையை மூடியது.

"மேசை ஆடிச்சு. இது செல்லாது."

"விழுந்தது விழுந்ததுதான். அவ ஒருநாளும் மாத்திப் போட்டதில்ல."

மச்சான் விரலை எடுத்தார். அந்தப் பிரிவின் சிப்பாய்களை ஒவ்வொருவராக, தொப்பி உரசிவிடாமல், அவரே சாய்த்துப் படுக்கவைத்தார்.

கடைசியாகக் கொடிப் பிரிவு. பகடையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு இருந்தார். உதடு அசைந்தது. நீலப் படைக்காக உருட்டுகிறவரைப்போல அவர் இல்லை. உருட்டினார். இரண்டு. ஓட்டுநர் நகராமல் இருந்தார். மச்சானே சிப்பாய்களை நகர்த்தினார். கொடி பிடித்தவனை எல்லோருக்கும் பின்னால், பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

மறுபடி ஹாரன். ஓட்டுநர் எழுந்து அட்டைப்பெட்டியை எடுத்தார். மச்சான் அதை வாங்கிக் கீழே போட்டு, காலால் ஓரமாகத் தள்ளினார்.

"எதுக்குக் கலைக்கணும்? அந்த முனையப் பிடிங்க."

இருவரும் மேசையைத் தூக்கினார்கள். பக்கத்து அறையை நோக்கி மச்சான் பின்பக்கமாக, காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். நிலைப்படியில் கொடி ஆடியது. நின்றார்கள். அது அடங்கியதும் மச்சான் இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தார்.