மலேரியா என்றுதான் சொன்னார்கள்

லாகோஸ் நகரத்தின் சுருலெரேயில் இபிதுனின் தையல் கடை, வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. இரண்டு தையல் இயந்திரங்கள், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, மின்சாரம் போனால் வாசலில் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணாடிக்கு முன்னால் அவள் தங்கை மொரெனிக்கே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தங்கையின் தோழி வுரா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுட்ட வாழைக்காயை வேர்க்கடலையோடு தின்றுகொண்டிருந்தாள்.

"இடுப்புக்குக் கீழ எவ்வளவு?" என்று வுரா கேட்டாள்.

"முப்பத்தஞ்சு," என்றாள் இபிதுன்.

"அதுக்கு எதுக்கு அக்கா டேப்பு? ஸ்கேல் வெச்சே அளந்துடலாமே."

மூவரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவளும் மொரெனிக்கேதான், முதலில் நிறுத்தியவளும் அவள்தான்.

"வழக்கம்போல பஞ்சு வெச்சுத் தெச்சுடறேன், கவலைப்படாதே," என்றாள் இபிதுன். விருந்து உடைகளின் உள்ளே இடுப்பிலும் பின்புறத்திலும் ஸ்பாஞ்சு வைத்துத் தைப்பது அவளுக்கு அன்றாட வேலை. பத்துப் பெண்கள் வந்தால் ஏழு பேர் கேட்பார்கள். அதில் அவள் குறை எதையும் கண்டதில்லை.

மொரெனிக்கேவின் தொழில், கல்யாண வீடுகளில் பெண்களுக்குத் தலைத்துணி கட்டுவது. விறைப்பான துணியை மடிப்பு மடிப்பாக எடுத்து விசிறிபோல விரித்து நிறுத்துவதில் அவளுக்கு நல்ல பெயர். கட்டும்போது எடுக்கிற வீடியோவைப் போனில் போட்டால்தான் அடுத்த வேலை வரும். ஆனால் கட்டுகிறவள் மணப்பெண்ணுக்கு எதிரே நின்று கட்ட வேண்டும். அதனால் கேமராவில் விழுவது எப்போதும் அவள் முதுகுதான். ஒருமுறை ஒருவன் கீழே எழுதினான்: 'தலைத்துணி பிரமாதம். கட்டுற பொண்ணு பின்பக்கத்தை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டாளா?' தலைத்துணியைப் பார்த்தவர்களைவிட அந்த வரிக்குச் சிரித்தவர்கள் அதிகம். மணப்பெண்ணின் பெரியம்மாக்களோ நேரிலேயே கேட்டார்கள்: "உங்க வீட்டுல சோறு போடுறதில்லையா மகளே?"

அதே தொழிலில் இருந்த இன்னொருத்தி ஆறு வாரம் காணாமல் போய், வேறு உடம்போடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு பெரிய கல்யாணங்கள் எல்லாம் அவளுக்கே போயின. மொரெனிக்கே அவளிடம் இடத்தை விசாரித்துக்கொண்டாள்.

அது கடலோரப் பகுதியில் ஒரு மாடி வீட்டை மாற்றிக் கட்டிய மருத்துவமனை. வயிற்றிலிருந்தும் முதுகிலிருந்தும் கொழுப்பை உறிஞ்சி எடுத்து இடுப்புக்குக் கீழே ஏற்றுவார்கள். மொரெனிக்கேவைப் பார்த்த மருத்துவர், "உன்கிட்ட எடுக்கவே ஒண்ணும் இல்லையேம்மா. மூணு மாசம் நல்லா சாப்பிட்டு வா," என்று அனுப்பிவிட்டார். அவள் மூன்று வேளையும் கிழங்குமாவு உருண்டையும் எண்ணெய் மிதக்கும் குழம்புமாகச் சாப்பிட்டாள். விஷயம் தெரியாத அம்மா, மகளுக்கு இப்போதாவது பசி வந்ததே என்று சந்தோஷப்பட்டு, இறைச்சித் துண்டுகளைப் பெரிதாக வெட்டிப் போட்டாள். வீட்டில் இபிதுனுக்கு மட்டும் தெரியும்.

இதற்கிடையில் தோழிகள் கூட்டத்தில் ஒருத்தியான ஃபேயிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தோழிகள் எல்லோரும் ஒரே துணியில் உடுத்து வர வேண்டும். மணப்பெண் வீட்டார் தேர்ந்தெடுத்த லேஸ் துணி, ஆளுக்கு ஐந்து கெஜமாக வந்து சேர்ந்தது. சந்தையில் தேடினாலும் அதே நிறத்தில், அதே பூ வேலையில் இன்னொரு துண்டு கிடைக்காது. பதினான்கு உடைகளும் இபிதுனிடமே தைக்க வந்தன. அறுவை சிகிச்சைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஐந்தே வாரம். புண் ஆறும்வரை காத்திருந்தால் வேலை முடியாது. மருத்துவர் ஒரு தாளில், ஆறிய பிறகு இருக்கப்போகும் அளவை எழுதிக் கொடுத்திருந்தார். நாற்பத்துமூன்று. இபிதுன் அந்தத் தாளை மேசையில் குண்டூசியால் குத்தி வைத்து, இன்னும் உலகத்தில் இல்லாத ஓர் உடம்புக்குத் துணியை வெட்டினாள்.

சிகிச்சைக்கு முந்தின நாள் மதியம் மொரெனிக்கே கடைக்கு வந்து வெட்டு மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரம் நூல்கண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டு நாளா மூச்சு ஒரு மாதிரி இருக்கு. பயமாவும் இருக்கு. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

இபிதுனின் வாயில் குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"லேஸை நாப்பத்துமூணுக்கு வெட்டிட்டேனே. அவ்வளவுக்குப் பஞ்சும் வெக்க முடியாது. இப்போ சின்னதாப் பிடிச்சுத் தெச்சா பூவெல்லாம் கோணிக்கும். பதிமூணு பேர் நடுவுல நீ மட்டும் வேற துணியில நிப்பியா?"

"போட்டோவுல வேலைக்காரி மாதிரி தெரிவேன்."

"அதான் சொல்றேன்."

"நீங்க சொன்னாச் சரிதான்," என்று மொரெனிக்கே சிரித்தாள். சாப்பிடப் போனாள். பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் சிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு மூச்சு இழுத்தது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வழியில், பாலத்துப் போக்குவரத்தில், இபிதுனின் மடியிலேயே உயிர் போயிற்று. கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்துவிட்டது என்று அங்கே இருந்த மருத்துவர் சொன்னார். கடலோர மருத்துவமனையிலோ, என்ன நடந்தாலும் பொறுப்பு தன்னுடையதே என்று மொரெனிக்கே கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். அவளுக்கு வயது இருபத்தேழு.

வயதானவர் இறந்தால் தெருவை அடைத்துப் பந்தல் போடலாம், ஒரே துணியில் ஊரே உடுத்தலாம். இளவயதுச் சாவுக்கு அது எதுவும் கிடையாது. பிள்ளையின் குழியைப் பெற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். சித்தப்பாக்கள் இருவரும் இபிதுனும் போய் அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அப்பா தேவாலயத்தில் மூப்பர். கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"ஆப்பரேஷன்னு சொன்னா, எதுக்குப் போனா, யார் அனுப்பினா, இதெல்லாம் கேப்பாங்க. மலேரியான்னு சொல்லிடுங்க. மலேரியான்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

யாரும் மேலே கேட்கவில்லை. கல்யாணம் நடந்தது. பதிமூன்று பெண்கள் ஒரே துணியில் நின்றார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் முற்பகலில் வுரா கடைக்கு வந்தாள். அம்மா மூலையில் முக்காலி போட்டு, தாம்பாளத்தில் பூசணி விதைகளைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். வுரா முட்டி போட்டு அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மேசையில் ஒரு தாளை வைத்தாள்.

"அக்கா, அண்ணன் கல்யாணத்துக்கு உடுப்பு. இந்த அளவுக்குத் தெச்சுடுங்க."

இபிதுன் தாளைப் பார்த்தாள். மேசையில் குத்தி வைத்திருந்த அந்தத் தாளில் இருந்த அதே மருத்துவரின் கையெழுத்து. நாற்பத்தைந்து என்று இருந்தது.

"எப்போ செஞ்சுக்கப்போறே?"

"வர்ற வியாழக்கிழமை." வுரா குரலைத் தாழ்த்தினாள். "மொரெனிக்கேதான் அந்த இடத்து நம்பரைக் குடுத்தா. பாவம், செஞ்சுக்கணும்னு அவ்வளவு ஆசை. அதுக்குள்ள மலேரியா வந்துடுச்சு."

மூலையில் விதை உரிக்கிற சத்தம் நின்றது. இபிதுன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை மெல்ல, வேண்டாம் என்பதுபோல அசைத்தாள். இபிதுன் தாளை மடித்து வுராவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அவளுக்கு மலேரியா வரல. அங்கதான் போனா. செஞ்சுக்கிட்டா. மறுநாள் செத்துட்டா."

வுரா சிரிக்கப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவாலயத்துல உங்க அப்பா..."

"பொய் சொன்னார். நாங்களும் சொன்னோம்."

"துக்கம் கேக்க வந்தவங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தவ நான்," என்றாள் வுரா. "நானே முப்பது பேர்கிட்ட மலேரியான்னு சொல்லியிருக்கேன். நாலு பேருக்கு அந்த நம்பரைக் குடுத்திருக்கேன். ஏழு மாசமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி அக்கா சும்மா இருந்தீங்க?"

"முந்தின நாள் வந்து, பயமா இருக்கு, விட்டுடட்டுமான்னு கேட்டா. விட்டுடுன்னு நான் சொல்லல. துணி வீணாப் போகும்னு சொன்னேன். அதை வெளிய சொல்ல எனக்கு வெட்கம். அப்பாவுக்கு அவர் வெட்கம்."

அம்மா முக்காலியை விட்டு எழுந்தாள். மடியிலிருந்த தோல்களைத் தட்டிவிட்டாள்.

"அந்த நாலு பொண்ணுங்க யாரு? பேரைச் சொல்லு," என்று வுராவிடம் கேட்டாள். "நான் மூணு மாசம் கறியை அள்ளி அள்ளிப் போட்டவ. அவங்க வீட்டுக்கு நானே போறேன்."

"அப்பா?" என்றாள் இபிதுன்.

"அவர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்."

வுரா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். தாள் இன்னும் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது.

"என்னை எல்லாரும் கேலி பண்றாங்க அக்கா," என்றாள் சின்னக் குரலில். "அது உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். அவளையும் பண்ணினாங்க. நீயும் பண்ணினே, நானும் சேர்ந்து சிரிச்சேன்." இபிதுன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பாக்கிறவன் ஒரு நிமிஷம் சிரிச்சுட்டுப் போயிடுவான் வுரா. அதுக்காக நல்லா இருக்கிற உடம்பைக் கத்திக்குக் குடுக்காதே. குடுத்துச் செத்தவளை வெட்கப்பட்டு மறைச்சோம் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு. அவ எப்படிச் செத்தான்னு நாங்க அன்னைக்கே சொல்லியிருந்தா, நீ இன்னைக்கு இந்தத் தாளோட வந்திருக்க மாட்டே."