பத்து நிமிடக் குரல்

தொண்டை டாக்டர் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா டீச்சர் வேலை?"

"பதினாறு." அவளுக்குப் பாதி எழுத்துகளில் காற்றுதான் வந்தது.

"என்ன பாடம்?"

"ஹிஸ்டரி."

"அதான் பார்த்தேன். உள்ளே ஒரு யுத்தமே நடந்திருக்கு" என்றார் டாக்டர். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "குரல் நாண்ல ரெண்டு முடிச்சு. ஆறு வாரம் ஓய்வு வேணும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் மெதுவாப் பேசலாம். கிசுகிசுன்னு பேசவே கூடாது, அது இன்னும் மோசம். ஒரு தடவை கத்தினீங்கன்னா அன்னிக்குப் பத்து நிமிஷமும் காலின்னு வச்சுக்குங்க. மீறினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் இதே குரல் திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

வீட்டில் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவன் கிரீஸ் கறையோடு வந்து எட்டிப் படித்தான்.

"பத்து நிமிஷமா? என்னைத் திட்டவே உனக்குப் பன்னெண்டு நிமிஷம் ஆகுமே!"

ஏழு வயது மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அவள் சிரிக்கவில்லை.

"அதுல எனக்கு எவ்ளோ?"

அம்மா ஐந்து விரல்களை விரித்துக் காட்டினாள். வாலு யோசித்துவிட்டு, முட்டை அவிக்கும்போது திருகி வைக்கும் டைமரைச் சமையலறையிலிருந்து எடுத்து வந்தாள். மேசை மேல் வைத்து, பக்கத்தில் ஒரு நோட்டையும் வைத்தாள். அட்டையில் 'அம்மாவிடம் கேட்க வேண்டியவை' என்று எழுதியிருந்தது. புது நோட்டு இல்லை. பதினெட்டுப் பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

மறுநாளே தலைமை ஆசிரியை போன் செய்தார்.

"டாக்டரே பத்து நிமிஷம் பேசலாம்னு சொல்லிட்டாராமே! அதை வீட்டுல உக்காந்து வீணாக்கப் போறீங்களா? பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை. வந்து முக்கியமான கேள்வியை மட்டும் சொல்லிட்டு உக்காருங்க போதும்."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அதற்கே ஒரு நிமிடம் போய்விடுமே! ம் கொட்டிவிட்டாள். அந்தச் சிக்கனமே வினையாகிப் போனது.

மௌனத்தில் பள்ளிக்கூடம் வேறு ஊராகத் தெரிந்தது. நீருக்குள் நடப்பதுபோல் நடந்தாள். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதந்து, கீழே விழ மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மைதானத்துச் சத்தம் எங்கோ கரைக்கு அப்பால் கேட்டது. ஆசிரியர் அறையில் எல்லோரையும் பாடத்தின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கெமிஸ்ட்ரி அவள் காதருகே வந்து, செவிடரிடம் பேசுவதுபோல், "டீ... குடிக்கிறீங்களா... ஹிஸ்டரி?" என்று கத்தினார். ஜியாக்ரஃபியோ ஒரு படி மேலே போய், அவள் எழுதிக் காட்டியதற்கெல்லாம் பதிலைத் தானும் எழுதிக் காட்டினார்.

"நீங்க வாயாலயே பேசலாம்" என்று அவள் எழுதினாள்.

"சரி" என்று ஜியாக்ரஃபி எழுதினார்.

முதல் நாள் பத்து நிமிடமும் ஒரு பேரரசின் வீழ்ச்சிக்குப் போயிற்று. இரண்டாம் நாள் ஒப்பந்தங்கள். மூன்றாம் நாள் யாரோ புரியவில்லை என்றார்கள், திரும்பவும் ஒப்பந்தங்கள். மாலையில் வீடு திரும்பினால் டைமரைப் பிடித்தபடி வாலு நிற்பாள். அம்மா உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவாள். வாலு டைமரைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள்.

நான்காம் நாள் காலை, 'இன்று ஐந்து நிமிடம் உனக்கு. சத்தியம்' என்று எழுதி, குழந்தையின் டிபன் டப்பாவுக்கு அடியில் செருகி வைத்தாள்.

அன்று வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். ஐந்தாவது நிமிடம் முடிந்ததும் வாயைப் பூட்டினாள். மிச்ச ஐந்து நிமிடத்தையும் தளும்பத் தளும்ப நிரம்பிய பாத்திரம்போல் நெஞ்சில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சாயங்கால வெளிச்சத்தில் தெருக்கள் உருகி ஓடின. கண் சொருகியது.

பின் சீட்டில் ஏழெட்டுப் பையன்கள் ஏதோ ஆட்டத்தைப் பற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரைத் தூக்கத்தில் அந்தக் கூச்சல் அவளுக்குத் தெரிந்த கூச்சலாக மாறியது. கை தானாகவே முன் சீட்டுக் கம்பியைத் தட்டியது.

"கடைசி பெஞ்ச்! என்ன அங்கே சத்தம்? எழுந்து நில்லு!"

பஸ் முழுவதும் கப்சிப். பின் சீட்டில் எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களோடு சேர்ந்து, போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரரும் எழுந்து நின்றார்.

அவளுக்குத் தொண்டையில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. ஐந்து நிமிடமும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் கொட்டிப்போயிற்று. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்தாள். நடந்தால் வீடு தாமதமாக வரும் என்று ஒரு நப்பாசை.

வீட்டு வாசலில் சாவியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே அவளுடைய குரல் பேசிக்கொண்டிருந்தது.

சந்தேகமே இல்லை. அதே இழுப்பு, வாக்கியத்தின் கடைசியில் அதே சலிப்பு. குரல் அவளை விட்டுவிட்டு முந்திய பஸ்ஸில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டதா? அந்த ஒரு நொடி அவள் அதை நம்பத்தான் செய்தாள். கதவில் காதை வைத்தாள்.

"அம்மா, இன்னிக்கு எனக்குப் பல் ஆடுது." இது வாலு.

"அப்படியா கண்ணு? அப்புறம் பார்க்கிறேன்." இது அவளுடைய குரல்.

"அம்மா, பல்லு விழும்போது வலிக்குமா?"

"அப்புறம் சொல்றேன். நோட்டு திருத்தணும்."

"அம்மா, நான் பொறந்த அன்னிக்கு மழையா, வெயிலா?"

"சத்தம் போடாதே. அம்மாவுக்குத் தலை வலிக்குது. சனிக்கிழமை பேசலாம்."

இரண்டு குரலிலும் குழந்தையே மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தாள். கோபமில்லை, குத்தலில்லை. வீட்டு விளையாட்டு விளையாடும் குழந்தையின் சமர்த்துதான் இருந்தது. ஏழு வருடத்தில் அம்மாவின் குரலிலிருந்து அவளுக்குக் கிடைத்த வாக்கியங்கள் அவ்வளவுதான். அப்புறம். நோட்டு. சத்தம். சனிக்கிழமை. தொண்டையில் முடிச்சு விழுந்தது இப்போதுதான். இந்த வீட்டில் குரல் தீர்ந்துபோய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டதே!

அவள் சாவியைத் திருப்பினாள். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள். வாலு தலையாட்டிவிட்டு டைமரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் மேசை மேல் ஒரு காகிதம் வைத்தாள். 'வகுப்புக்கு வருவேன். இன்று பேச மாட்டேன். நாளையிலிருந்து ஐந்து வாரம் விடுப்பு. டாக்டர் சீட்டு இணைத்திருக்கிறேன்.'

"என்ன ஹிஸ்டரி இது, திடீர்னு? பசங்க என்ன ஆவாங்க?"

பேனாவைத் திறந்து அதன் கீழேயே எழுதினாள். 'பாஸ் ஆவாங்க.'

"அந்தப் பத்து நிமிஷம்?"

'அது வீட்டுக்கு.'

தலைமை ஆசிரியை அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு, அவருக்கே ஏன் என்று தெரியாமல், பேனாவை வாங்கிக் காகிதத்தில் எழுதினார். 'என் தொண்டையும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. எந்த டாக்டர்?'

வகுப்பில் கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினாள். 'இன்று நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.' முதலில் சிரிப்பு. பிறகு ஒரு பெண் எழுந்து பேரரசு ஏன் விழுந்தது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னாள். அது தப்பு என்று இன்னொருத்தி. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் அந்த வகுப்பில் உட்கார்ந்து, பேரரசு எப்படி விழுகிறது என்று நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் தூள் மிதந்தது.

மாலை பஸ்ஸில் கால் வைத்ததும் பின் சீட்டில் ஒருவன் மற்றவர்களை இடித்தான்.

"டேய், நேத்து வந்த மிஸ்ஸுடா!"

அவள் இறங்கும்வரை அங்கே மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் கவிழ்க்காமல் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். வாலு நம்பவில்லை. எண்ணிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் டைமரைப் பத்தில் திருகி, மேசைக்கு அடியில் இரண்டு பேரும் உட்காரலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். மேசை விரிப்பு நாலு பக்கமும் தொங்கியது. உள்ளே மஞ்சள் நிழல். டைமர் டிக் டிக்கென்று சின்ன இதயம்போல் அடித்துக்கொண்டது.

நோட்டு இருந்தது. குழந்தை அதைத் திறக்கவே இல்லை.

"மழையா, வெயிலா?"

"ரெண்டும் இல்லைடி" என்றாள் அம்மா. கரகரத்த குரல், ஆனாலும் குரல். "ஒரே மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே தெருவே இல்லை. உங்க அப்பா ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார்."

"அப்பாவா? லிஃப்ட்லயா!"

"அவரே ரிப்பேர் பண்ண லிஃப்ட்."

"அது வேற லிஃப்ட்!" என்று கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

பனியைப் பற்றிச் சொன்னாள். பனிக்குள் எங்கோ அடித்த சைக்கிள் மணியைப் பற்றிச் சொன்னாள். நிமிடங்கள் வெல்லம்போல் கரைந்துகொண்டிருந்தன. குழந்தை அவள் தொண்டையில் ஒரு விரலை வைத்து, குரல் அங்கே நடுங்குவதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் நர்ஸ் உன்னைத் துணியில சுத்திக் கொண்டாந்து என் கையில குடுத்தாங்க. நீ கண்ணைத் திறந்து பார்த்தே. அப்போ நான் உன்கிட்ட முதல் முதல்ல என்ன சொன்னேன்னா..."

டைமர் அடித்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தைதானே என்று நாக்கு துடித்தது. மூடியே வைத்திருந்தாள்.

வாலு டைமரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மாவின் குரலில், அதே இழுப்போடு, முடித்து வைத்தாள்.

"'வந்துட்டியா? இவ்ளோ நேரமா எங்கேடி இருந்தே? வா, பேசலாம்.'"

அம்மா அன்று சொன்னது அதுவல்ல. அவளுக்கு ஞாபகம் இருந்தவரை, 'எத்தனை கிலோ?' என்றுதான் நர்ஸிடம் கேட்டாள்.

ஆனால் அந்தக் குரலில் சலிப்பு இல்லை. அப்புறம் இல்லை. சனிக்கிழமை இல்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். ஆட்டி முடிப்பதற்குள் பனி விலகியதுபோல், தான் சொன்னது அதுதான் என்று அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது.