ஐந்தில் இரண்டு

1

இந்தக் கதையை நான் ஆத்தூர் பஸ்ஸில் ஒட்டுக்கேட்டேன். முன்சீட்டில் இரண்டு டீச்சர்மார். ஒருவர் ஊர் வந்து சேரும்வரை குமுறிக்கொண்டே வந்தார். அவருக்குச் சர்புன்னிசா என்று பெயர் வைத்தது நான். திண்டுக்கல்லில் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். மற்றதில் பாதி அவர் சொன்னது, பாதி என் கைச்சரக்கு.

முதல் வரி: 'காலைக் கதிரவன் மலைக்கோட்டையின் மேல்...'

(வேண்டாம் கண்ணுகளா. மலை எங்கேயும் போய்விடாது. டீச்சரைப் பார்ப்போம்.)

2

டீச்சர்களுக்குக் கூட இருந்து கைகொடுக்க ஆரோக்கியதாஸ் என்ற ஆசிரியப் பயிற்றுநர் வந்தார். சர்புன்னிசா சுங்குடிச் சேலைக்குக் கஞ்சி போட்டுக் கட்டி, மூன்று கலரில் சார்ட் மாட்டி, பின்னம் கூட்டுவதை வெளுத்து வாங்கினார். அந்த மனிதரோ கடைசி பெஞ்சில், கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, தஹ்சீன் என்ற சிறுமியின் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பாடம் நடந்தது இங்கிட்டு."

"தெரியும் டீச்சர். நீங்க நடத்துறதப் பாக்க வரல. பிள்ள என்ன கத்துக்குதுன்னு பாக்க வந்தேன்."

அவர் குறித்திருந்தது இவ்வளவுதான்: '11.10, தஹ்சீன் பென்சில் சீவினாள். 11.20, மறுபடி சீவினாள். டீச்சர் பதினாறு தடவை "புரிஞ்சுச்சா" என்றார். பதினாறு தடவையும் "புரிஞ்சுச்சு" என்றாள். பென்சில் பாதியாகிவிட்டது.'

(நானும் உங்களை நாலு இடத்தில் 'புரிகிறதா' என்று கேட்டிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன்.)

"நாளைக்கு அதக் கேக்காம, எப்படிப் போட்டேன்னு கேட்டுப் பாருங்க."

3

கேட்டார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. தஹ்சீன் ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தாள். கூட்டத்தோடு கத்துவதைத் தவிர வகுப்பில் வாயே திறக்காதவள், அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"ரெண்டு வடையில ஒண்ணு தின்னேன், அது அரை. மூணு போண்டாவுல ஒண்ணு தின்னேன், அது மூணுல ஒண்ணு. மொத்தம் இருந்தது அஞ்சு. தின்னது ரெண்டு. சரிதான டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறந்தார். நல்லவேளை, மணி அடித்தது.

"நாளைக்குச் சொல்றேன்மா."

4

சாயங்காலம் டீக்கடையில் அவரும் பயிற்றுநரும் இரண்டு வடை, மூன்று போண்டா வாங்கி, ஒரு வடையும் ஒரு போண்டாவும் தின்று பார்த்தார்கள். தட்டில் மூன்று மீதி.

"அவ சொன்னது சரியாத்தான சார் இருக்கு?"

ஆரோக்கியதாஸ் தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "விடை தப்பு டீச்சர். எந்த இடத்துல தப்புன்னுதான்..."

"இதுக்குத்தான் முதுகக் காட்டி உக்காந்தீங்களாக்கும்."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வடை ஊசிருச்சா சார்?"

5

முடிவு ஒன்று: டீச்சர் போர்டில் ஒரு வட்டம் வரைய, வகுப்பே தெளிந்தது. (என்ன வட்டம், எப்படிப் பிரித்தார்? எனக்குத் தெரியாது. நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள்.)

முடிவு இரண்டு: "தப்பு, உக்காரு." எழுதிப் பார்த்தேன். பிள்ளை உட்கார்ந்தாள். பரீட்சை வந்து போனது, லீவு விட்டாயிற்று, அவள் எழவே இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

முடிவு மூன்று: "எனக்கும் தெரியல தஹ்சீன்" என்று டீச்சர் சொல்ல, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர்...

மறுநாள் காலை பத்தரை. யாரும் கூப்பிடாமலே தஹ்சீன் எழுந்து நிற்கிறாள். டீச்சர் உங்களைப் பார்க்கிறார். கண்ணுகளா, என்ன சொல்லலாம்? ஆறில் ஐந்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படியே எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.