உம்மென்ற முகம்

விஞ்ஞானிக்கு அந்த ஓடையின் மேல் சந்தேகம் வந்ததே, அது ரொம்ப நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதால்தான். அவள் எடுத்துவந்த தண்ணீரை ஆய்வுக்கூடம் அழுக்கு என்றது. கரையோர வீட்டுக்காரர்கள் போனில் ஒரு செயலி வழியாக அனுப்பிய அளவுகளோ ஒன்றுவிடாமல் சுத்தம் என்றன. அதை நம்பி நகராட்சி அடுத்த வாரம் பிள்ளைகள் குளிக்க ஓடையைத் திறந்துவிடப் போகிறது.

அந்தச் செயலியை வடிவமைத்தவள் விஞ்ஞானியின் அண்ணி. சும்மா சொல்லக்கூடாது, அண்ணி கைவைக்கும்வரை அந்த ஆராய்ச்சியை நாய்கூடச் சீந்தவில்லை. வீட்டுக்காரர்களுக்காக விஞ்ஞானி எழுதியிருந்த கேள்விகளைப் படித்து முடிப்பதற்குள் ஓடையே வற்றிவிடும். அண்ணி அத்தனையையும் தூக்கிக் கடாசினாள். தாள்துண்டைத் தண்ணீரில் முக்கு, படமெடு, அனுப்பு, அவ்வளவுதான். சுத்தமென்றால் தாள் மஞ்சளாகவே இருக்கும், திரையில் ஒரு முகம் சிரிக்கும். கழிவு கலந்திருந்தால் தாள் பழுப்பாகும், முகம் உம்மென்றாகும். ஊரே அந்த முகத்தைக் கொஞ்சியது.

இருவருமாக ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரைப் பார்க்கப் போனார்கள். அதிகம் அளவு அனுப்புகிறவர் அவர்தான்.

"நாங்க இருக்கோம்னே நெனைக்காம எப்பவும் போல செய்யுங்க சார்," என்றாள் அண்ணி.

வீட்டுக்கு நேர் எதிரே முக்கினார். பழுப்பு. முகம் உம்மென்றது. அனுப்பாமல் கரையோடு மேலே நடந்தார். ஒரு தெளிந்த ஊற்று வந்து கலக்கும் இடத்தில் குனிந்து மறுபடி முக்கினார். முகம் சிரித்தது, அனுப்பிவிட்டார். ஊற்றடியில் புல் தேய்ந்து பாதையே விழுந்திருந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் அங்கேதான் வந்திருக்கிறார்கள்!

"முதல்ல பார்த்ததை ஏன் சார் அனுப்பலை?" என்றாள் விஞ்ஞானி.

"அது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குதே! நாமதான் ஏதோ தப்பாப் பண்ணிட்டோம்னு அர்த்தம். உங்க ஆராய்ச்சி நல்லபடியா வரணும் இல்லையாம்மா? என் பேத்தி வேற எப்ப குளிக்கலாம்னு குதிச்சுக்கிட்டு இருக்கா."

விஞ்ஞானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அண்ணியோ அதற்குள் கரையில் சப்பணமிட்டு மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

"தப்பு அவர் மேல இல்லை. உதவ வந்தவருக்கு நான் பரீட்சை வச்சு மார்க் போட்டிருக்கேன்."

செயலியிலிருந்த முகத்தை அங்கேயே அழித்தாள். தன் கேள்வித்தாளில் ஒரு கமாவை எடுக்கச் சொன்னாலே முறுக்கிக்கொள்கிற விஞ்ஞானிக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"இங்க என்ன எழுதலாம் சார்?" அண்ணி டிரைவரையே கேட்டாள்.

"எந்த நிறமா இருந்தாலும் உதவிதான்னு போடுங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டேனே!"

"அவங்கவங்க வீட்டுக்கு நேரா இருக்கிற தண்ணிதான்னும் போடுங்க அண்ணி," என்றாள் விஞ்ஞானி.

மறுநாள் காலை அளவுகள் பழுப்பாக வந்து குவிந்தன. நகராட்சி திறப்பை நிறுத்திவிட்டுக் கழிவு எங்கிருந்து வருகிறதென்று தேட ஆள் அனுப்பியது. விஞ்ஞானிக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அந்தப் பேத்தியை நினைத்து மனசு கேட்கவில்லை. சாயங்காலம் ஓடைக்குப் போனாள்.

பேத்தி கரையில் குந்தித் தாளை முக்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் பழுப்புதான் தாத்தா! அனுப்பிட்டேன்!" என்று கத்தினாள். மஞ்சளாகும் அன்றைக்கு முதலில் குதிக்கப்போவது அவள்தானாம்.

"ஊத்துப் பக்கம் போகக் கூடாதுன்னு எனக்கே சட்டம் பேசறா. தாளைத் தொடக்கூட விடமாட்டேங்கறாம்மா," என்று சொல்லி உம்மென்று உட்கார்ந்திருந்தார் டிரைவர்.