அலுவலகத் தரையில் முளைத்த எண்கள்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் தரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கண்ணிவெடிகள் முளைத்தன. பத்து மணிக்கே முளைத்திருக்கலாம். பார்க்க அங்கே ஆள் இல்லை. பாதி ஓடுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் தெரிந்தன, மீதி ஓடுகள் வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. எவனோ விளம்பரம் ஒட்டியிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே சாம்பல் ஓடொன்றில் கால் வைத்த கணக்கர், ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார். உயிருக்குச் சேதமில்லை. இடது காது மட்டும் அன்றோடு ஓய்வு பெற்றது.

விஷயம் புரிந்தது தபால் பிரிவு எழுத்தர் ஒருத்திக்குத்தான். அவளுடைய பழைய கணினியில் பதினோரு வருஷமாகக் கண்ணிவெடி தேடும் விளையாட்டைத் தவிர வேறெதுவும் ஒழுங்காகத் திறந்ததில்லை. புதியது கேட்டு அவள் எழுதிய கடிதங்களை மேலாளர் பிரிக்காமலே கட்டி வைத்தார். அவளும் விளையாடினாள். "மேடம் ஆபீஸ் வர்றதே கட்டம் தட்டத்தான்" என்பார் மேலாளர். தூங்கி எழுந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். அவள் அதற்காக அழுதது ஒரே முறை, கழிவறையில், குழாயைத் திறந்துவிட்டு.

இப்போது கூடத்தின் நடுவில் பியூன் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கீழ என்ன நம்பர்?"

"ரெண்டும்மா. கால் நடுங்குது."

"சுத்தி இருக்கற எட்டுல ரெண்டுல வெடி இருக்கு, அவ்வளவுதான். நான் சொல்ற இடத்துல மட்டும் வைங்க."

அவர் வைத்தார். மதியம் மூன்று மணிக்குள் பன்னிரண்டு பேரை ஓடு ஓடாக எண்ணி வெளியே கொண்டுவந்தாள். வெடியுள்ள ஒவ்வொரு ஓட்டின்மீதும் சிவப்பு நாடா ஒட்டினாள். கடைசியாக வெளியே வந்த மேலாளர் நன்றி சொல்லவில்லை. மறுநாள் மெமோ கொடுத்தார்: அலுவலக நேரத்தில் விளையாடியதற்கு விளக்கம் தேவை. அவள் அதை நாலாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள்.

அடுத்த வாரம் ஆய்வுக்கு மேலதிகாரி வருவதாக இருந்தது. சிவப்பு நாடாக்கள் கண்ணை உறுத்துகின்றன என்று மேலாளர் தானே குனிந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு வந்தார்.

"சார், இப்ப உரிச்சீங்களே, அது வெடி. மிதிச்சிடாதீங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று கேட்டுவிட்டு மிதித்தார்.

வெடி தூக்கியெறிந்ததில் மின்விசிறிக்கு அருகே கூரையில் அவர் முதுகு ஒட்டிக்கொண்டது. எத்தனை பேர் இழுத்தும் வரவில்லை. மேலதிகாரி வந்தார், அண்ணாந்து வணக்கம் சொன்னார், 'அலுவலகம் வழக்கம்போல் இயங்குகிறது' என்று குறித்துக்கொண்டு போனார். அந்தக் கட்டடத்தில் பல வருஷங்களில் எழுதப்பட்ட ஒரே உண்மை அதுதான். கோப்புகளைக் கம்பில் செருகி மேலே நீட்டினார்கள். கீழே இருந்தபோது மேலாளர் எந்த வேகத்தில் கையெழுத்துப் போட்டாரோ அதே வேகத்தில் போட்டதால் மனு கொடுக்க வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெமோவுக்கு அவள் பதில் எழுதவில்லை. மேலிருந்து யாரும் கேட்கவுமில்லை. இரண்டு வருஷம் கழித்து அங்கேயே அவர் ஓய்வு பெற்றார். வாழ்த்துரை சொன்ன நால்வருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

புதிய மேலாளர் முதல் நாளே வாசலில் நின்றுவிட்டார்.

"எங்கம்மா கால் வைக்கணும்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் நில்லுங்க சார்."

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.